டொமினிக் மிஸ்டீரியோ அப்பா பெயரால் மட்டும் வந்தவரா?

கேள்வி இது: “ரே மிஸ்டீரியோவின் மகன் என்பதால்தானே டொமினிக்குக்கு இவ்வளவு வாய்ப்பு? அதோடு, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு நடக்கும் ஆட்டத்தில் ஒருவர் வளர்ந்து வருகிறார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” ரே, முகமூடி அணிந்து டபிள்யூடபிள்யூஇ-யில் பெரிய பெயர் எடுத்த மல்யுத்த வீரர்; டொமினிக்கும் அங்கேயே மல்யுத்தம் செய்கிறார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவதைத் தெளிவாக்கிவிட்டால் முதலாவதற்குப் பதில் சொல்வது சுலபம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டபிள்யூடபிள்யூஇ போன்ற தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்பே எழுதப்பட்டதுதான். அதை மறைக்க இப்போது யாரும் முயல்வதில்லை. ஆனால் அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் சத்தத்தை யாராலும் எழுதி வைக்க முடியாது. ஒருவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிவிடலாம். அவரைப் பார்த்ததும் இருபதாயிரம் பேர் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட முடியுமா? 2015 ஜனவரியில் பிலடெல்பியாவில் நடந்த ராயல் ரம்பிளில் (முப்பது பேர் மோதி ஒருவர் மிஞ்சும் வருடாந்தரப் போட்டி) ரோமன் ரெய்ன்ஸை ஜெயிக்க வைத்தார்கள். கூட்டம் ஏற்கவில்லை. அவருக்குத் துணையாக தி ராக்கையே வரவழைத்தார்கள். ராக் பக்கத்தில் நின்றபோதும் கூச்சல் அடங்கவில்லை. அதே ரெய்ன்ஸ் 2020 ஆகஸ்டில் வில்லனாகத் திரும்பி வந்த பிறகுதான் உண்மையான உச்சத்துக்குப் போனார்.

ஆக, இந்தத் தொழிலில் வளர்ச்சி என்பது வேண்டிய நொடியில் வேண்டிய சத்தத்தைக் கூட்டத்திடமிருந்து வாங்கத் தெரிவது. கைதட்டலும் வரவுதான், கூச்சலும் வரவுதான். ஆபத்தானது மௌனம். ஒருவர் ரிங்குக்குள் வரும்போது பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கக் கிளம்பினால் அவருக்கு அங்கே எதிர்காலம் இல்லை.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “எல்லாம் நடிப்பு” என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. ரிங்கின் தரை மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றுக்கும் மேலே இழுத்துக் கட்டிய கான்வாஸ். அதில் விழுவதற்கு ‘பம்ப்’ என்று பெயர். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு, முதுகின் மேல்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். தலை முந்திவிட்டால் கழுத்து போய்விடும். இதை ஒரு ராத்திரியில் பலமுறை, வாரக்கணக்கில், வருடக்கணக்கில் செய்கிறார்கள். முடிவு தெரிந்திருப்பதால் விழும்போது வலிக்காமல் போய்விடாது.

சரி, டொமினிக்குக்கு வருவோம். அவருடைய கதையை முதல் போட்டியிலிருந்து சொன்னால் பாதிதான் புரியும். 2005-இலிருந்து தொடங்க வேண்டும். டென் ஸ்போர்ட்ஸில் அந்தக் காலத்து ஸ்மாக்டவுன் (டபிள்யூடபிள்யூஇ-யின் வார நிகழ்ச்சி) பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

ரே மிஸ்டீரியோவும் எடி கெரேரோவும் நிஜத்தில் நெருங்கிய நண்பர்கள். 2005 கோடையில் டிவியில் அவர்களை எதிரிகளாக்கினார்கள். எடி தன்னிடம் ஒரு ரகசியம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜூலையில் நடந்த கிரேட் அமெரிக்கன் பேஷில் தான் தோற்றால் அதை வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. தோற்றார், ஆனாலும் வெளியிட்டார்: ரேயின் மகன் டொமினிக், உண்மையில் என் மகன். கதைதான். ஆனால் எடி அதைச் சொன்ன விதத்தில் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆகஸ்ட் 21-ஆம் தேதி வாஷிங்டனில் சம்மர்ஸ்லாம், வருடத்தின் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்று. ரிங்குக்கு மேலே ஒரு பெட்டி தொங்கியது. அதற்குள் பையனை வளர்க்கும் உரிமைப் பத்திரம். ஏணியில் ஏறி யார் பெட்டியை எடுக்கிறாரோ அவருக்குப் பையன். அந்தப் பையன் எட்டு வயதில் ரிங் ஓரத்தில் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் எடி ஏறிக்கொண்டிருந்த ஏணியை ஓடிப்போய் ஆட்டினான். கடைசியில் எடியின் மனைவி விக்கி வந்து கணவரைத் தடுக்க, ரே ஏறிப் பெட்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 13 அன்று எடி கெரேரோ 38 வயதில் மினியாபோலிஸில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். ரே அடுத்த ஜனவரியில் ராயல் ரம்பிளையும் ஏப்ரலில் டபிள்யூடபிள்யூஇ-யின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 22-இல் உலகப் பட்டத்தையும் எடியின் நினைவாக வென்றார். டொமினிக் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடம் போய், வளர்ந்தார். ஆனால் ரசிகர்கள் மனதில் அந்த ஏணிக் கதை அழியவில்லை. இதைத்தான் நான் டொமினிக்கின் முதல் சொத்து என்று சொல்வேன். அப்பாவின் பெயரைவிடப் பெரிய சொத்து இது. எத்தனையோ மல்யுத்த வீரர்களின் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ரிங்குக்குள் கால் வைக்கும் முன்பே இப்படி ஒரு கதை தயாராக இருந்த பிள்ளை வேறு யாரும் இல்லை. அதைப் பயன்படுத்த வேண்டிய விதத்தில் பயன்படுத்த அவருக்கு 2022 வரை ஆனது.

2019 செப்டம்பரில் பிராக் லெஸ்னர் அப்பாவையும் மகனையும் சேர்த்து அடித்துப் போட்டார். நவம்பரில் சர்வைவர் சீரிஸில் இருவரும் சேர்ந்து லெஸ்னருக்கு இரட்டை 619 (கயிறுகளுக்கு இடையே சுழன்று எதிராளியின் முகத்தில் உதைக்கும் ரேயின் முத்திரை அடி) கொடுத்தார்கள். அதற்குள் டொமினிக் பயிற்சியில் இருந்தார். கனடாவின் கால்கரியில் லான்ஸ் ஸ்டார்ம் நடத்திய பள்ளியில் படித்தவர் அவர். ஸ்டார்ம் ஆர்ப்பாட்டம் இல்லாமல் அடிப்படையைச் சொல்லித்தருவதில் பெயர் எடுத்தவர். கால் எங்கே, கை எங்கே, எதிராளியின் எடை எப்போது நம் மேல் வருகிறது என்பதையெல்லாம் அங்கே பிழிந்து எடுப்பார்கள்.

முதல் போட்டி 2020 ஆகஸ்ட் 23, சம்மர்ஸ்லாமில், சேத் ரோலின்ஸுக்கு எதிராக. பெரும்பாலானவர்கள் சின்ன அரங்குகளில் நூறு பேருக்கு முன்னால் தடுமாறிக் கற்றுக்கொள்வதை, 23 வயதில் இவர் உலகமே பார்க்கச் செய்ய வேண்டியிருந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடிய ஸ்ட்ரீட் ஃபைட், அதாவது ஆயுதங்களுக்கும் அனுமதி உள்ள போட்டி. அதற்கு முந்தைய வாரங்களில் ரோலின்ஸும் அவருடைய கூட்டாளி மர்ஃபியும் கெண்டோ ஸ்டிக் என்ற மூங்கில் கம்பால் விளாசியதில் முதுகு முழுக்கத் தடித்துப் போயிருந்தது. அந்தத் தடிப்பில் மேக்கப் எதுவும் இல்லை. போட்டியும் நன்றாகவே இருந்தது. ஆனால் முக்கியமான ஒன்று குறைந்தது: கூட்டம். கொரோனா காலம். ஆர்லாண்டோவில் காலி அரங்கத்தைச் சுற்றி எல்இடி திரைகள் வைத்து, வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் முகங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

2021 மே 16-இல் அப்பாவும் மகனும் ஸ்மாக்டவுன் டேக் டீம் பட்டத்தை (இருவர் ஜோடியாக மோதி வெல்வது) வென்றார்கள். டபிள்யூடபிள்யூஇ வரலாற்றில் அப்பா-மகன் ஜோடி டேக் பட்டம் வாங்கியது அதுதான் முதல் தடவை. அதுவும் திரைகளுக்கு முன்னால். ஜூலை 16-இல் நிஜக் கூட்டம் அரங்குக்குத் திரும்பியது. ஜூலை 18-இல் மணி இன் த பேங்கில் ஊசோ சகோதரர்களிடம் பட்டம் போனது. டொமினிக் கதாநாயகனாகப் பட்டம் வைத்திருந்த காலம் கிட்டத்தட்ட முழுவதும் கைதட்ட யாரும் இல்லாத காலம். இதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. நல்ல பையனாக அவர் செய்தது எடுபடுகிறதா இல்லையா என்று சோதித்துப் பார்க்கவே வாய்ப்பு இல்லை.

கூட்டம் வந்த பிறகு சோதனை நடந்தது, முடிவு சுமார்தான். காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ரே மிஸ்டீரியோ ஐந்தடி ஆறங்குலம். அவருடைய ஆட்டம் முழுவதும் சின்ன ஆள் பெரிய ஆளை வேகத்தால் ஜெயிக்கும் ஆட்டம். அவர் அடிபட்டுக் கீழே கிடக்கும்போது நமக்குத் தானாகவே மனம் இளகும். மகன் ஆறடிக்கு மேல். அதே கால்சட்டை, அதே 619, அதே பாவனை, ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றால் மகன்தான் பெரிய ஆள். அவரைப் பார்த்து யாருக்குப் பரிதாபம் வரும்? அப்பாவின் பாணியை அப்பாவைவிடச் சுமாராகச் செய்கிற பையன் என்றுதான் பட்டது. “வாரிசு என்பதால் உள்ளே விட்டிருக்கிறார்கள்” என்ற முணுமுணுப்பு அப்போதுதான் வலுத்தது. அந்த முணுமுணுப்பில் உண்மை இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன்.

இது புதிதல்ல. 1996 நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ராக்கி மைவியா என்று சிரித்துக்கொண்டே ஒரு மூன்றாம் தலைமுறைப் பையன் வந்தான். அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. சில மாதங்களில் அரங்கம் முழுக்க அவனைச் “செத்துப் போ” என்று கோஷமிட்டது. 1997-இல் அவனை வில்லன் கோஷ்டியில் சேர்த்தார்கள், அந்தக் கோபத்தையே மூலதனமாக்கிக்கொண்டு அவன் தி ராக் ஆனான். டொமினிக்குக்கும் அதே வழிதான் திறந்தது. ஆனால் அவர் போன தூரம் வேறு.

2022 செப்டம்பர் 3, வேல்ஸின் கார்டிஃப், பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம், அறுபதாயிரம் பேருக்கு மேல். ரேயும் எட்ஜும் சேர்ந்து ஜட்ஜ்மென்ட் டே கோஷ்டியின் ஃபின் பேலரையும் டேமியன் ப்ரீஸ்ட்டையும் ஜெயிக்கிறார்கள். டொமினிக் ரிங்குக்குள் வருகிறார், கொண்டாட்டம். எட்ஜ் திரும்பியபோது இடுப்புக்குக் கீழே ஓர் உதை. ரே நம்ப முடியாமல் “என்னடா இது” என்று மகனைப் பார்க்கிறார். மகன் கொஞ்சம் நிற்கிறார், பிறகு வேகமாக வந்து அப்பாவின் கழுத்தோடு சேர்த்துக் கையை வீசி க்ளோத்ஸ்லைன். அந்தச் சின்ன நிறுத்தத்தைக் கவனியுங்கள். உடனே அடித்திருந்தால் அதிர்ச்சி மட்டும் இருந்திருக்கும். அவர் நின்று, யோசித்து, தெரிந்தே அடித்தார். அதனால்தான் அதை மறக்க முடியவில்லை.

அதற்குப் பின் ஜட்ஜ்மென்ட் டேயில் சேர்ந்து, அந்தக் கோஷ்டியின் வீராங்கனை ரியா ரிப்ளியின் நிழலில் நின்றுகொண்டு அவர் செய்ததெல்லாம் நம் குடும்பங்களில் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் ரகம். நன்றி செலுத்தும் நாளில் அப்பா வீட்டு வாசலுக்கே போய் அடித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மறுபடியும் போனபோது போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு வந்த பையன், வருடக்கணக்கில் சிறையில் வெந்து வந்தவன் மாதிரி பேச ஆரம்பித்தார். தலையில் கைக்குட்டை, மெல்லிய மீசை, பின்னால் நீண்ட முடி. எடி கெரேரோவின் சாயல் கொஞ்சம் கொஞ்சமாக வந்து உட்கார்ந்தது. எடியே என் அப்பாவாக இருந்திருக்கலாம் என்று மைக்கில் சொன்னார். 2005-இல் விதைத்தது 2023-இல் இப்படி முளைத்தது.

இங்கேதான் அவருடைய உண்மையான திறமையைப் பார்க்கிறேன். அதை நெருக்கத்தில் சொல்கிறேன். டொமினிக் மைக்கைக் கையில் எடுப்பார். வாயைத் திறக்கும் முன்பே கூச்சல் எழும். சாதாரண வில்லன் இங்கே என்ன செய்வார்? கத்திப் பேசி அந்தச் சத்தத்தை அமுக்கப் பார்ப்பார், இல்லையென்றால் “வாயை மூடுங்கள்” என்பார். டொமினிக் அப்படிச் செய்ய மாட்டார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவார். முதல் வார்த்தையின் முதல் எழுத்து வரும், சத்தம் இரட்டிப்பாகும். மைக்கைக் கீழே இறக்குவார், சத்தம் கொஞ்சம் குறையும். மறுபடி தூக்குவார், மறுபடி ஏறும். முகத்தில் நிஜமாகவே புண்பட்ட பார்வை, “நான் என்ன தப்பு செய்தேன்?” என்பது போல. பக்கத்தில் நிற்பவர்களைப் பார்ப்பார். அவர்கள் தட்டிக்கொடுப்பார்கள். மறுபடி முயல்வார். அவர் என்ன பேசினார் என்று டிவியில் பார்த்தவர்களுக்குக்கூடச் சரியாகக் கேட்காது. ஆனால் அரங்கத்தில் ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். எழுதிக்கொடுத்த வசனத்தை எப்படியாவது சொல்லி முடிக்க வேண்டும் என்று பதறாமல், சத்தமே போதும் என்று விட்டுக்கொடுக்கத் தெரிவது பெரிய விஷயம். பத்து வருட அனுபவசாலிகளுக்கே அது கைகூடுவதில்லை.

“வாரிசு” என்ற ஏச்சையும் அவர் மறைக்கவில்லை. எனக்கு எல்லாம் உரிமையாக வர வேண்டியது என்கிற செல்லப்பிள்ளையாகவே நடித்தார். ஜனங்கள் அவர் மேல் நிஜமாக வைத்திருந்த வெறுப்பும் கதைக்குள் அவர் மேல் வர வேண்டிய வெறுப்பும் ஒன்றாகிவிட்டன. நீங்கள் கேட்ட கேள்வியையே அவர் தன் பாத்திரமாக்கிக்கொண்டார்.

ரே மகனுடன் மோத மாட்டேன் என்று மாதக்கணக்கில் மறுத்தார். அடியை வாங்கிக்கொண்டு நடந்து போய்விடுவார். 2023 மார்ச்சில் ஒரு ஸ்மாக்டவுனில், ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் தங்கையையும் பார்த்து டொமினிக் கத்தினார். அப்போதுதான் ரேயின் கை ஓங்கியது. அந்த ஒரு குத்துக்குக் கிடைத்த ஆரவாரம் பல பட்டப் போட்டிகளுக்குக் கிடைக்காதது. ஏப்ரல் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் சோஃபை ஸ்டேடியத்தில் ரெஸில்மேனியா 39. மகன் கைதிகளை ஏற்றி வரும் வண்டியில் வந்தார். அப்பா எடியின் பாட்டோடு, ஸ்னூப் டாக் ஓட்டிய, தரையோடு ஒட்டித் தாழ்ந்த ‘லோரைடர்’ காரில் வந்தார். போட்டி நடுவே டொமினிக் தங்கையின் முகத்தில் குளிர்பானத்தை ஊற்ற, அம்மா ஓங்கி ஓர் அறை விட்டார். ரே இடுப்பு பெல்ட்டைக் கழற்றி மகனை விளாசினார். எந்த நாட்டில் பார்த்தாலும் புரியக்கூடிய காட்சி அது. ரே ஜெயித்தார். அதுதான் சரி. அந்தக் கதையில் மகன் ஜெயித்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். தோற்கவும் தெரிய வேண்டும். அன்றைக்கு டொமினிக் அழகாகத் தோற்றார்.

அடுத்து, டபிள்யூடபிள்யூஇ தன் இளம் வீரர்களை வளர்க்கும் என்எக்ஸ்டிக்கு அனுப்பினார்கள். 2023 ஜூலை 18-இல் வெஸ் லீயிடமிருந்து நார்த் அமெரிக்கன் பட்டத்தை வென்றார். செப்டம்பர் கடைசியில் ட்ரிக் வில்லியம்ஸிடம் இழந்து, மூன்றே நாளில் திரும்ப வாங்கி, டிசம்பரில் டிராகன் லீயிடம் இழந்தார். இந்த ஐந்து மாதத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். முதன்முறையாக, அப்பா கூட இல்லாமல், வேறுவேறு பாணி ஆட்களுடன், பட்டம் வைத்திருப்பவராக ஆட்டத்தைத் தானே நடத்திப் பழகியது அங்கேதான். யார் வேகம் கூட்ட வேண்டும், எப்போது மூச்சு வாங்க விட வேண்டும் என்பதெல்லாம் பள்ளியில் வராது. 2024 முழுக்க ரியா ரிப்ளி, இன்னொரு வீராங்கனையான லிவ் மார்கன் இருவருக்கும் நடுவே ஓடிய கதையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. சம்மர்ஸ்லாமில் ரியாவைக் கைவிட்டு லிவ் பக்கம் போனார், கூச்சல் தொடர்ந்தது.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 2025 ஏப்ரல் 20, லாஸ் வேகஸ், ரெஸில்மேனியா 41. பிரான் பிரேக்கர், பென்டா, ஃபின் பேலர், டொமினிக் நால்வருக்கும் இடையே, உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையில் உள்ள இன்டர்காண்டினென்டல் பட்டத்துக்கான போட்டி. மேல்கயிற்றிலிருந்து ஃப்ராக் ஸ்பிளாஷ் அடித்து, தன் கோஷ்டிக்காரரான பேலரையே ‘பின்’ செய்து (மூன்று எண்ணும் வரை தோள்களைத் தரையில் அழுத்தி) டொமினிக் ஜெயித்தார். ஸ்டேடியம் கொண்டாடியது. இரண்டரை வருடம் வாய் திறக்க விடாத அதே ஜனம். கெட்டவனாகவே இருந்தபடி, ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல், அன்பை வாங்கிவிட்டார். தன் வேலையில் ஒருவர் இவ்வளவு நன்றாக இருக்கும்போது ரசிகன் ஒரு கட்டத்தில் மரியாதை கொடுத்துவிடுவான்.

அந்த ஃப்ராக் ஸ்பிளாஷ் எடியிடமிருந்து வந்தது. எடிக்கு அது 1994-இல் இறந்துபோன கூட்டாளி ஆர்ட் பாரிடமிருந்து வந்தது. குதித்து, நடுக்காற்றில் உடம்பை மடக்கி, பிறகு விரித்து, எதிராளி மேல் நெஞ்சும் வயிறும் படும்படி விழ வேண்டும். எடையை வாங்குவது முழங்காலும் கைகளும். அதனால் கீழே கிடப்பவருக்கு அடி குறைவு, குதிப்பவருக்கு முழங்கால் தேய்மானம் அதிகம். எடியும் பாரும் மெக்சிகோவின் ஏஏஏ கம்பெனியில் ஜோடியாக இருந்தவர்கள். எடி அங்கே எல் இஹோ டெல் சாண்டோவுக்குக் கூட்டாளியாக இருந்து, அவரைக் காட்டிக்கொடுத்துத்தான் மெக்சிகோவே வெறுக்கும் ஆளானார். டொமினிக் போன பாதை எடி முப்பது வருடத்துக்கு முன் நடந்த பாதைதான்.

எடியின் பாதிப்பு எவ்வளவு ஆழம் என்பதற்கு 2025 சம்மர்ஸ்லாமில் ஏஜே ஸ்டைல்ஸுடன் நடந்த போட்டி நல்ல உதாரணம். 2004 ரெஸில்மேனியா 20-இல் எடி யாருக்கும் தெரியாமல் தன் பூட்ஸின் நாடாவைத் தளர்த்தி வைத்தார். கர்ட் ஆங்கிள் கணுக்காலைப் பிடித்து முறுக்கியபோது காலை உருவிக்கொண்டார், ஆங்கிள் கையில் வெறும் பூட்ஸ். அந்த நொடிக் குழப்பத்தில் சுருட்டிப் பிடித்து ஜெயித்தார். டொமினிக் அதை எடுத்து ஒரு படி கூட்டினார். ஸ்டைல்ஸ் காலை முறுக்கும் பிடியில் வைத்திருக்கும்போது கால் பூட்ஸிலிருந்து உருவி வந்தது. நடுவர் பார்க்காத நேரத்தில் அதே பூட்ஸால் ஸ்டைல்ஸை அடித்தார், பிறகு ஃப்ராக் ஸ்பிளாஷ். எடியின் போட்டி நினைவிருந்தவர்கள் பூட்ஸ் கழன்றபோதே குதித்துவிட்டார்கள். நினைவில்லாதவர்களுக்கும் அது நல்ல திருட்டுத்தனம். இரண்டு வகை ரசிகர்களுக்கும் ஒரே அசைவில் தீனி போடுவது லேசில்லை.

அதே ஆகஸ்டில் மெக்சிகோ சிட்டியில் ஏஏஏவின் பெரிய நிகழ்ச்சியான ட்ரிப்ளேமேனியா. ஏஏஏவை வாங்கப்போவதாக டபிள்யூடபிள்யூஇ அந்த ஏப்ரலில்தான் அறிவித்திருந்தது. எல் இஹோ டெல் விகிங்கோ, டிராகன் லீ, ஏஜே ஸ்டைல்ஸ் ஆகியோருடன் நால்வர் போட்டி. விகிங்கோ தன் ஏஏஏ மெகா பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார், ஆனால் அரங்கம் டொமினிக்கின் பக்கம் நின்றது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பையனை மெக்சிகோ சிட்டி தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. அப்பா 1990-களின் தொடக்கத்தில் பெயர் எடுத்த கம்பெனி, எடி பெயர் எடுத்த கம்பெனி. செப்டம்பர் 12 அன்று லாஸ் வேகஸில் விகிங்கோவை ஜெயித்து ஏஏஏ மெகா பட்டத்தையும் வாங்கினார். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று.

நவம்பர் 10-இல் பாஸ்டனில், ஓய்வுபெறும் வருடத்தில் இருந்த ஜான் சீனாவிடம் இன்டர்காண்டினென்டல் பட்டத்தை இழந்தார். சீனாவின் சொந்த மாநிலம், அவரிடம் இல்லாமல் இருந்த ஒரே முக்கியப் பட்டம். நவம்பர் 29-இல் சான் டியேகோவின் பெட்கோ பார்க்கில், லிவ் மார்கன் திரும்பி வந்து உதவ, சீனாவிடமிருந்தே அதைத் திரும்ப வாங்கினார். இதைக் கம்பெனியின் கண்ணோடு பார்த்தால்தான் முக்கியத்துவம் புரியும். ஜான் சீனாவுக்கு மிச்சமிருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய போட்டிகள். அந்த ஒவ்வொரு போட்டியும் தங்கம். அதில் இரண்டை டொமினிக்குக்குக் கொடுத்தார்கள், அதிலும் ஒன்றில் ஜெயிக்க வைத்தார்கள், அதுவும் டொமினிக்கின் சொந்த ஊரான சான் டியேகோவில். அப்பாவுக்காக இதைச் செய்ய மாட்டார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், கதவைத் திறந்தது அப்பாவின் பெயர். வேறு எந்த 23 வயதுப் பையனுக்கும் முதல் போட்டியே சம்மர்ஸ்லாமில் கிடைக்காது. அதை மறுப்பது, சின்ன அரங்குகளில் பெட்ரோல் காசுக்கு மல்யுத்தம் செய்து மேலே வந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அந்தப் பெயர் அவரைக் கொண்டுபோய் விட்ட இடம் 2022 கோடைதான்: சுமாரான பையன், யாருக்கும் பெரிதாக அக்கறை இல்லை. அங்கிருந்து மேலே வந்ததற்கு ரேயின் பெயர் உதவவில்லை, அந்தப் பெயரை மிதித்ததுதான் உதவியது. ரேயும் அதற்கு மனமார இடம் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் மகனிடம் உலகத்துக்கு முன்னால் அடிவாங்கி, அவமானப்பட்டு, மகனைப் பெரிய ஆளாக்கிய அப்பா அவர்.

குறைகளும் உண்டு. பறக்கும் ஆட்டத்தில் அப்பாவின் பக்கத்தில்கூட வர மாட்டார். பிரான் பிரேக்கர் மாதிரி ஓடி வந்து இடிக்கும் பலம் இல்லை. ஓடி ஒளிவது, ஆள் வைத்து அடிப்பது, ஏமாற்றி ஜெயிப்பது என்ற ஒரே சூத்திரத்தில் பல போட்டிகள் முடிகின்றன. அடுத்தடுத்துப் பார்த்தால் சலிக்கும். உலகப் பட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், யாருடைய உதவியும் இல்லாமல் முப்பது நிமிடம் தனியாகத் தாங்கும் பெரிய போட்டிகள் இன்னும் சில வேண்டும் என்பது என் எண்ணம். ஏப்ரல் 5, 1997-இல் பிறந்தவர், இந்தத் தொழிலில் உச்சம் பெரும்பாலும் முப்பதுகளில்தான் வரும், நேரம் இருக்கிறது.

நீங்களே பார்த்து முடிவு செய்ய விரும்பினால் இந்த வரிசையில் பாருங்கள்: 2005 சம்மர்ஸ்லாம் ஏணிப் போட்டி, 2022 கார்டிஃப் போட்டியின் கடைசி சில நிமிடங்கள், ரெஸில்மேனியா 39-இல் அப்பாவுடன் மோதியது, அப்புறம் ஏஜே ஸ்டைல்ஸுடன் 2025 சம்மர்ஸ்லாம். கடைசிப் போட்டியைப் பார்க்கும்போது டொமினிக்கின் கால்களை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள்.